இன்ஜின் நின்னா என்ன பண்ணுவீங்க? (அழகப்பர் கதை)

ஒரு சின்ன கேள்வியோட ஆரம்பிப்போம். மானகிரிக்கு மேல 3,000 அடி உயரத்துல ஒத்தை இன்ஜின் விமானத்துல நீங்க தனியா பறந்துக்கிட்டு இருக்கீங்க. திடீர்னு சத்தம் நின்னு போச்சு. அடுத்து என்ன?

"விழுந்துடுவோம்"னுதானே நினைச்சீங்க? இல்லை மக்களே. இன்ஜின் நின்ற விமானம் கல் மாதிரி விழாது, சறுக்கிக்கிட்டே போகும். செஸ்னா 172 மாதிரியான விமானம் ஒரு அடி இறங்குறதுக்குள்ள சுமார் ஒன்பது அடி முன்னே போகும். அப்படின்னா 3,000 அடியில இருந்து, காத்து இல்லாத நாளில், ஏறக்குறைய 8 கிலோமீட்டர். காரைக்குடி ஓரம் வரைக்கும் போயிடலாம். கையில இருக்கிறது சுமார் நாலு நிமிஷம்.

அந்த நாலு நிமிஷத்துக்கு ஒரு ஒழுங்கு இருக்கு. முதல்ல மூக்கைத் தாழ்த்தி வேகத்தைக் காப்பாத்தணும். பயத்துல மூக்கைத் தூக்கினா இறக்கையோட தாங்கும் சக்தி போயிடும், அப்போதான் உண்மையாவே விழுவோம். அடுத்து இறங்க ஒரு இடம். நம்ம ஊர்ல காய்ந்த கண்மாயோ பொட்டலோ கிடைக்கும். பனைமரமும் கரண்டு கம்பியும் இருக்கான்னு பார்க்கணும். நேரம் மிச்சமிருந்தா பெட்ரோல், மேக்னெட்டோ எல்லாம் சரி பார்த்து இன்ஜினை மறுபடி உயிர்ப்பிக்க முயற்சி பண்ணலாம். இன்னொன்னு: ஏறின கொஞ்ச நேரத்துல தாழ்வான உயரத்துல இன்ஜின் நின்னா, கிளம்பின ஓடுதளத்துக்கே திரும்பப் பார்க்கக் கூடாது. நிறைய பேர் உயிரை விட்டது அந்தத் திருப்பத்துலதான்.

1930-களில் பைலட் உரிமம் வாங்க வந்தவங்களுக்கும் இது பாடம். இன்ஜின் உதவி இல்லாம சறுக்கி இறங்கிக் காட்டுறது தேர்விலேயே உண்டு. அந்தக் காலத்தில் லண்டனின் பெரிய விமான நிலையமான குராய்டனில் விமானம் ஓட்டப் பழகிய ஒருவர் நம்ம பக்கத்து ஊர்க்காரர். கோட்டையூர் அழகப்பச் செட்டியார். நாம பெயர்ப்பலகையில் தினமும் பார்க்கிற அதே அழகப்பர்தான்.

1909 ஏப்ரல் 6-ஆம் தேதி பிறந்தவர். வட்டிக்கடையும் வியாபாரமுமே வாழ்க்கையாக இருந்த நகரத்தார் குடும்பத்தில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கிலத்தில் எம்.ஏ. முடித்தார். பிறகு லண்டனுக்குப் போய் பாரிஸ்டர் பட்டம் பெற்றார், வங்கியில் பயிற்சி எடுத்தார். இடையில் விமானமும் ஓட்டினார். இருபது சொச்சம் வயதுக்கு இதைவிட நல்ல உயரம் வேண்டுமா?

ஆனா இளம் வயதிலேயே அவரைத் தொழுநோய் பிடித்தது. இன்னைக்கு அது மாத்திரையில் குணமாகிற வியாதி. சல்போன் மருந்துகள் வந்ததே 1940-களில்தான். அதுக்கு முன்னாடி பெரும்பாலும் நீரடிமுத்து எண்ணெய்தான் வைத்தியம். வலியை விடக் கொடுமை, அந்த நோய்க்கு ஊர் கொடுத்த பெயர். காசு பணம் இருந்தாலும் பக்கத்தில் உட்காரத் தயங்குவார்கள். அழகப்பர் கதவைச் சாத்திக்கிட்டு உள்ளேயே இருந்திருந்தா யாரும் குறை சொல்லியிருக்க மாட்டாங்க.

அவர் வெளியே வந்தார். கேரளத்தில் திருச்சூர் பக்கம் நெசவாலை நடத்தினார். அந்த ஊருக்கே இன்றும் அழகப்ப நகர் என்றுதான் பெயர். 1945-இல் ஆங்கில அரசு தந்த 'சர்' பட்டத்தைப் பிறகு வேண்டாம் என்று துறந்தார். விமான ஆசையும் விடவில்லை. ஜூபிடர் ஏர்வேஸ் என்ற பெயரில் டகோட்டா விமானங்களை வைத்து ஒரு நிறுவனமே நடத்தினார். டகோட்டாவுக்கு இரண்டு இன்ஜின். ஒன்று நின்னாலும் இன்னொன்றில் பறக்கும். ஆனால் அந்தத் தொழில் நெடுநாள் நிலைக்கவில்லை.

இப்போ அவர் இறங்கத் தேர்ந்தெடுத்த இடத்தைப் பாருங்க. 1947 ஜூலையில் சென்னையில் அன்னி பெசன்ட் நூற்றாண்டு விழா. செல்வந்தர்கள் கல்லூரி தொடங்க முன்வர வேண்டும் என்று துணைவேந்தர் இலட்சுமணசாமி முதலியார் அங்கே கேட்டுக்கொண்டார். அழகப்பர் அதே கூட்டத்தில் எழுந்து, தான் தொடங்குவதாகச் சொன்னார். சொல்லிட்டுப் போறது எல்லாருக்கும் சுலபம். அடுத்த மாதமே, ஆகஸ்டில், காரைக்குடி காந்தி மாளிகையில் கல்லூரி நடக்க ஆரம்பித்துவிட்டது! கட்டிடம் வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று அவர் காத்திருக்கவில்லை.

அடுத்தது நம்ம ஆட்களுக்கு நெருக்கமான கதை. மத்திய மின்வேதியியல் ஆய்வகம் வர 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலை 25-ஆம் தேதி நேரு இங்கே வந்து அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14, பொங்கல் நாளில் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். அப்படி ஓர் ஆய்வகம் காரைக்குடிக்கு வந்தது இப்படித்தான். 1952-இல் பொறியியல் கல்லூரி. சென்னை கிண்டியில் ஏ.சி. டெக் என்கிறோமே, அந்த 'ஏ.சி.'யும் இவர்தான். கடைசியில் குடியிருந்த வீட்டையே கல்விக்கு விட்டுக்கொடுத்தார்.

1956-இல் பத்மபூஷண் வந்தது. அடுத்த ஆண்டு ஏப்ரல் 5-ஆம் தேதி காலமானார். 48 வயது நிறைய இன்னும் ஒரே ஒரு நாள் இருந்தது.

இதை ஏன் உங்களுக்குச் சொல்றேன்? அரியர் விழுந்தவங்க, கடைசி ரவுண்டில் வேலை கைநழுவிப் போனவங்க, வீட்டு நிலைமையால பிடிச்ச கோர்ஸை விட்டவங்க இதைப் படிப்பீங்கன்னு தெரியும். எல்லாம் சரியாயிடும்னு நான் சொல்ல மாட்டேன். அழகப்பருக்கே எல்லாம் சரியாகிடலை. நோயும் இருந்தது, ஆயுசும் குறைவு. மிச்சமிருந்த உயரத்தை அவர் வீணாக்கலை, அவ்வளவுதான்.

சத்தம் நின்ன உடனே மூக்கைத் தூக்காதீங்க. கிளம்பின இடத்தையே திரும்பித் திரும்பிப் பார்க்காதீங்க. கீழே ஏதாவது ஒரு பொட்டல் இருக்கும். அவர் இறங்கின பொட்டலில்தான் இன்னைக்கு ஒரு பல்கலைக்கழகம் நிக்குது. அடுத்த தடவை மானகிரியில் பஸ் ஏறி காரைக்குடிக்குள்ள போகும்போது ஜன்னல் பக்கம் உட்கார்ந்து பாருங்க.