உமிழ்நீரின் வழியைக் கண்டவர்

கன்னம் வீங்கிக் காய்ச்சலுடன் படுத்திருக்கும் பிள்ளையின் கழுத்தில் பொன் சங்கிலியை அணிவித்துவிட்டு, வீக்கம் வடியும் என்று காத்திருப்பது நம் வீடுகளின் பழைய வழக்கம். பொன்னுக்கு வீங்கி என்று அந்நோய்க்கு நாம் பெயரிட்டதும் அதையொட்டித்தான். வைரஸ் கிருமியால் வரும் இந்நோய் பெரும்பாலும் ஓரிரு வாரங்களில் தானாகவே தணிந்துவிடும். சங்கிலிக்கு அதில் பங்கில்லை. உண்மையில் வீங்குவது கன்னத்தின் சதையும் அன்று. காதுக்கு முன்னும் கீழுமாக அமைந்துள்ள பரோடிட் என்னும் உமிழ்நீர்ச் சுரப்பியே வீங்குகிறது.

மனிதருக்குப் பெரிய உமிழ்நீர்ச் சுரப்பிகள் மூன்று இணை உண்டு. காதருகே பரோடிட், கீழ்த்தாடைக்கு அடியில் ஓர் இணை, நாவுக்கு அடியில் ஓர் இணை. உதடு, உட்கன்னம், அண்ணம் ஆகியவற்றில் நூற்றுக்கணக்கான சிறு சுரப்பிகளும் சிதறிக் கிடக்கின்றன. எல்லாம் சேர்ந்து நாளொன்றுக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீரைத் தருகின்றன. பரோடிட் சுரப்பியின் நாளம் ஏறத்தாழ 5 செ.மீ. நீளமுடையது. மெல்லும் தசையின் மேலாக ஓடி, கன்னத் தசையைத் துளைத்து, மேல்தாடையின் இரண்டாம் கடைவாய்ப் பல்லுக்கு எதிரே அது வாய்க்குள் திறக்கிறது. அதற்கு ஸ்டென்சன் நாளம் என்று பெயர்.

உடற்கூறியல் ஆசிரியராக இருந்த காலத்தில் இந்தப் பெயரை நான் எத்தனையோ முறை வகுப்பில் உச்சரித்திருக்கிறேன். தேர்வில் ஒரு மதிப்பெண் பெற்றுத் தரும் விடை என்பதற்கு மேல் அதை நானும் கருதியதில்லை, என் மாணவர்களும் கருதியதில்லை. ஓய்வுபெற்ற பிறகே அந்தப் பெயருக்குரியவரின் வாழ்க்கையைப் படித்தேன். முன்பே படித்திருந்தால் வேறு விதமாகப் பாடம் நடத்தியிருப்பேன்.

நீல்ஸ் ஸ்டென்சன் 1638 ஜனவரியில் டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் ஒரு பொற்கொல்லரின் மகனாகப் பிறந்தார். நிக்கோலஸ் ஸ்டெனோ என்பது அவருடைய லத்தீன் பெயர். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். பதின்ம வயதில், நகரில் பரவிய கொள்ளைநோய்க்கு உடன் படித்தோர் பலர் பலியானதைக் கண்டார். 1656இல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, நிணநீர் நாளங்களை ஆராய்ந்து புகழ்பெற்றிருந்த தாமஸ் பார்த்தோலினிடம் மருத்துவம் பயின்றார். இரண்டு ஆண்டுகளில் ஸ்வீடன் படை நகரை முற்றுகையிட்டது. மாணவர்களும் காவலுக்கு அழைக்கப்பட்டனர். அந்தப் பட்டியலில் ஸ்டெனோவின் பெயரும் இருந்தது.

1660இல் மேற்படிப்புக்காக ஆம்ஸ்டர்டாம் வந்த அவர், மருத்துவ ஆசிரியரான ஜெரார்ட் பிளாசியஸின் வீட்டில் தங்கினார். வந்த சில வாரங்களில், ஏப்ரல் 7ஆம் நாள், தாமே விலைக்கு வாங்கிய ஓர் ஆட்டுத் தலையை அறுத்து ஆராயத் தொடங்கினார். இரத்தக் குழாய்களின் போக்கைப் பார்ப்பதே நோக்கம். ஒரு குழாய்க்குள் சலாகையைச் செலுத்தியபோது, அதன் முனை தடையின்றிச் சென்று பல்லில் மோதி ஒலித்தது. இரத்தக் குழாய் வாய்க்குள் வந்து முடிய வழியில்லை. அப்படியானால் இது என்ன?

பிளாசியஸிடம் சென்று காட்டினார். சலாகையை அழுத்திக் குத்தியதால் உண்டான துளையாக இருக்கலாம், இல்லையேல் அந்த ஆட்டுக்கு மட்டும் உரிய பிறழ்ச்சியாக இருக்கலாம் என்று அவர் தள்ளிவிட்டார். மாணவருக்கும் ஐயம் வந்தது. ஆனால், பின்னர் அறுத்துப் பார்த்த தலைகளிலும் நாளம் அதே இடத்தில் இருந்தது. அவ்வாண்டிலேயே ஸ்டெனோ லெய்டன் நகருக்குச் சென்றார். அங்கே பேராசிரியர் சில்வியஸ் மனித உடலிலும் அந்த நாளத்தைக் கண்டு காட்டினார். வான் ஹோர்ன் என்னும் மற்றொரு பேராசிரியரும் ஸ்டெனோவை ஆதரித்தார். நாளம் அவர் பெயராலேயே வழங்கலாயிற்று.

இதன் பிறகுதான் பிளாசியஸ், அதைக் கண்டறிந்தவர் தாமே என்று உரிமை கோரினார். மாணவர் தம் உழைப்பைத் திருடிவிட்டதாகவும் குற்றம் சாட்டினார். ஒருபுறம் வீடும் பாடமும் கொடுத்த ஆசிரியர். மறுபுறம் இருபத்திரண்டு வயதில் அயல்நாட்டில் தனித்து நின்ற மாணவர். இருவரில் யாரை உலகம் எளிதில் நம்பும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

ஸ்டெனோ தம் பழைய ஆசிரியர் பார்த்தோலினுக்கு நடந்ததை எழுதினார். சாட்சிகளைக் காட்டிலும் என்னை ஈர்த்தது அவர் முன்வைத்த வாதம். அந்த நாளம் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பதையே பிளாசியஸின் நூல் சரியாகக் கூறவில்லை. சுரப்பியின் பணியையும் தவறாகவே சொல்கிறது. தேடிக் கண்டவர் எவரும் இவ்வாறு எழுதமாட்டார் என்பது அவர் வாதத்தின் சாரம். யார் முதலில் சொன்னார் என்பதைவிட யார் புரிந்துகொண்டார் என்பதையே அவர் அளவுகோலாக முன்வைத்தார்.

அந்த அளவுகோலுக்குத் தம்மையும் உட்படுத்திக்கொண்டார். பூசலோடு நில்லாமல், வாய், மூக்கு, கண் ஆகியவற்றின் சுரப்பிகள் அனைத்தையும் ஆராய்ந்து 1662இல் நூலாக வெளியிட்டார். தலையிலுள்ள நீரெல்லாம் மூளையிலிருந்து கசிவது என்று நம்பிய காலம் அது. கண்ணீருக்கும் தனிச் சுரப்பியும் நாளங்களும் உண்டென்று காட்டினார். சுரப்பிகள் தமக்கு வேண்டிய நீரை இரத்தத்திலிருந்தே பெறுகின்றன என்றும் வாதிட்டார்.

உமிழ்நீர்ச் சுரப்பி நோய்கள் பலவற்றையும் இந்த வழியை அறிந்தவர்களே விளங்கிக்கொள்ள முடியும். சாப்பிட உட்கார்ந்ததும் தாடைக்கடியில் வீங்கி வலிப்பதும், சிறிது நேரத்தில் வடிவதும் உமிழ்நீர்க் கல்லின் அடையாளம். நாளம் அடைபட்டிருக்க, உணவைக் கண்ட சுரப்பி ஊறுவதால் வருவது அந்த வீக்கம். இக்கற்களில் ஏறத்தாழ 80 விழுக்காடு கீழ்த்தாடைச் சுரப்பியிலேயே உண்டாகின்றன. அதன் நீர் சற்றுக் கெட்டியானது; நாளமும் மேல்நோக்கிச் செல்வது. சிறு கற்கள் நிறைய நீர் பருகி, புளிப்பு சுவைத்து, நீவிவிட்டால் வெளியேறக்கூடும். மற்றவற்றை எடுக்க இன்று மெல்லிய அகநோக்கிகள் உள்ளன. ஸ்டெனோ சுரப்பியிலிருந்து வாய்க்கு வந்த பாதையில், மருத்துவர் இன்று வாயிலிருந்து சுரப்பிக்குச் செல்கிறார்.

வாயும் கண்ணும் சேர்ந்தே வறண்டுபோகும் நோயொன்றும் உண்டு. 1933இல் அதை விரிவாக விவரித்த ஸ்வீடன் நாட்டுக் கண் மருத்துவர் ஷோகிரனின் பெயரால் அது வழங்குகிறது. பெண்களையே மிகுதியாகத் தாக்கும் இந்நோயில், உடலின் எதிர்ப்பாற்றல் தன் சுரப்பிகளையே அழிக்கிறது. ஸ்டெனோ ஒரே நூலில் எழுதிய இரு வகைச் சுரப்பிகளும் ஒரே நோயில் சேர்ந்து கெடுகின்றன. பரோடிட் சுரப்பியில் தோன்றும் கட்டிகளில் ஏறத்தாழ 80 விழுக்காடு புற்று அல்லாதவை. ஆயினும் வலியில்லை என்பதற்காகக் காதருகே உள்ள கட்டியைப் பாராமல் விடலாகாது. முகத்தை அசைக்கும் நரம்பு அச்சுரப்பியின் ஊடாகவே செல்கிறது. கட்டியோடு வாய் கோணுவது அபாய அறிகுறி.

ஸ்டெனோ சுரப்பிகளோடு நிற்கவில்லை. இதயம் ஒரு தசையே என்று காட்டினார். 1666இல் இத்தாலியின் லிவோர்னோ அருகே பிடிபட்ட பெருஞ்சுறாவின் தலையை ஃபுளோரன்ஸில் அறுத்தபோது, பாறைகளில் கிடைத்துவந்த நாக்கு வடிவக் கற்கள் சுறாவின் பற்களே என்று உணர்ந்தார். அங்கிருந்து பாறை அடுக்குகளின் ஆய்வுக்குச் சென்று, அடியிலுள்ள அடுக்கே மூத்தது என்னும் விதியை 1669இல் எழுதினார். நிலவியலின் முன்னோடிகளுள் ஒருவராக அவர் போற்றப்படுவது அதனால்தான்.

லூத்தரன் குடும்பத்தில் பிறந்த அவர் 1667இல் கத்தோலிக்கரானார். 1675இல் குருவாகவும் 1677இல் ஆயராகவும் ஆகி, வட ஜெர்மனியில் ஏழையாகவே வாழ்ந்தார். தமக்குரிய மோதிரத்தையும் விற்று இல்லாதவர்க்குக் கொடுத்தார். 1686இல் ஷ்வெரின் நகரில் தம் 48ஆம் வயதில் மறைந்தார். 1988இல் திருச்சபை அவரை அருளாளராக உயர்த்தியது.

பெயரையும் பொருளையும் இவ்வளவு எளிதாகத் துறந்தவர், இளமையில் ஒரு சிறு நாளத்துக்காக ஏன் அவ்வளவு போராடினார் என்று யோசித்திருக்கிறேன். புகழுக்காக என்று தோன்றவில்லை. தம்மைத் திருடன் என்றவருக்கு அவர் விடை சொல்லியாக வேண்டியிருந்தது. கண்ணால் கண்டதைக் காணவில்லை என்று சொல்லவும் அவரால் இயலவில்லை.

நம் ஆய்வுக்கூடங்களிலும் மாணவர் கண்டதை முதலில் மறுத்து, பிறகு தமதாக்கிக்கொள்ளும் நெறியாளர்கள் இல்லாமல் இல்லை. பெரும்பாலான மாணவர்களுக்கு லெய்டன் போன்ற ஒரு புகலிடம் வாய்ப்பதில்லை. ஆசிரியனாக இருந்த என்னிடமும் சில மாணவர்கள் தயங்கித் தயங்கி எதையோ காட்ட வந்ததுண்டு. அவர்களுள் எத்தனை பேரை நின்று கேளாமல் திருப்பி அனுப்பினேன் என்பது இப்போது என்னை உறுத்துகிறது.