அச்சம் துறந்த தாத்தா இரட்டைமலை சீனிவாசன்

வெள்ளி விழாக் காணும் நம் சங்கத்தின் இளைஞர்கள் கட்டாயம் அறிய வேண்டியது தாத்தா இரட்டைமலை சீனிவாசனாரின் வாழ்க்கையாகும். செங்கற்பட்டு வட்டாரத்துக் கோழியாளம் என்னும் சிற்றூரில் 1860ஐ ஒட்டிய காலத்தில் அவர் பிறந்தார்.

கோவையில் அவர் பயின்ற கல்விக்கூடத்தில் ஏறத்தாழ 400 மாணவர்கள் இருந்தனர். அவர்களுள் பத்துப் பேர் தவிர ஏனையோர் பிராமணர். தம் குலமும் குடியிருப்பும் வெளிப்பட்டுவிடுமோ என்று அஞ்சிய சீனிவாசனார், எவரோடும் கூடி விளையாடவில்லை. மணி அடிக்கும் வரை வெளியே படித்துக்கொண்டிருப்பார். வகுப்பு முடிந்ததும் விரைந்து வீடு திரும்புவார். கற்பதற்கென்று வந்த சிறுவர், தம்மை மறைத்துக்கொள்வதற்கே பாதி ஆற்றலைச் செலவிட நேர்ந்தது. இது பிறவியில் வந்த கோழைத்தனம் அன்று; சமுதாயம் அவருக்கு ஒதுக்கிய இடம் உள்ளத்தில் விதைத்த அச்சம். விலகி நில் என்று தலைமுறைதோறும் கேட்டுவந்தவர்கள், நாளடைவில் தம்மால் ஆகாது என்று தாமே சொல்லத் தொடங்குகின்றனர். வாய்ப்பின்மையைத் திறமையின்மை என்று எண்ணி மயங்கும் நிலை இதுவே.

அந்த மயக்கத்தைச் சீனிவாசனார் உடைத்தார். மாணவப் பருவத்தில் எதை மறைத்தாரோ, அதையே 1893ஆம் ஆண்டில் தம் இதழுக்குப் பெயராகச் சூட்டினார். இழிவுபடுத்தப் பிறர் வழங்கிய சொல், ‘பறையன்’ என்று இதழின் முகப்பில் தலைநிமிர்ந்து நின்றது. மாத இதழாகத் தோன்றி வார இதழாக வளர்ந்த அது, ஏறத்தாழ ஏழாண்டுகள் நம் மக்களின் குறைகளை அரசின் செவிக்கு எட்டச் செய்தது.

பின்னர்த் தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றித் தாயகம் திரும்பிய அவர், 1923இல் சென்னைச் சட்டமன்றத்தில் உறுப்பினராக அமர்ந்தார். பொதுச் சாலைகளும் கிணறுகளும் அலுவலகங்களும் எல்லா வகுப்பாருக்கும் உரியவை என்னும் தீர்மானத்தை 1924இல் கொண்டுவந்து நிறைவேற்றினார். 1930, 1931ஆம் ஆண்டுகளில் இலண்டன் வட்டமேசை மாநாடுகளில் அண்ணல் அம்பேத்கருடன் நம் மக்களின் சார்பாளராக வீற்றிருந்தார். 1945 செப்டம்பர் 18இல் மறைந்தார்.

பொறுப்பேற்ற பின்னரே பல திறமைகள் புலப்படும் என்பதற்கு அவர் வாழ்வே சான்று. ஆதலின் இளைஞர்களே, கூட்டத்தில் எழுந்து பேசவும், கணக்கெழுதவும், மனு வரையவும், அதிகாரியின் முன் சென்று நிற்கவும் முன்வாருங்கள். உங்கள் தங்கையரையும் உடன் அழைத்து வாருங்கள். எனக்கு இயலுமா என்னும் ஐயம் உங்களுக்குள் எழுந்தால், அதை விதைத்தவர் யார் என்று முதலில் எண்ணிப் பாருங்கள். தயங்காமல் பொறுப்பேற்று நில்லுங்கள். நாம் துணை நிற்போம்.