இடம் காத்த சுழியம்

கணிப்பொறி பயிலும் மாணவர் நாள்தோறும் சொல்லும் ‘அல்காரிதம்’ என்ற சொல், ஓர் அறிஞரின் பெயரிலிருந்து பிறந்தது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அவரே முஹம்மது இப்னு மூஸா அல்-குவாரிஸ்மி.

சுமார் கி.பி. 780-இல் பிறந்த அவருடைய பெயர் மத்திய ஆசியாவின் குவாரிஸ்ம் பகுதியைச் சுட்டுகிறது. 813 முதல் 833 வரை ஆட்சி புரிந்த கலீஃபா மஃமூனின் ஆதரவில், பக்தாதின் பைத்துல் ஹிக்மா என்னும் அறிவு மனையில் அவர் பணியாற்றினார். இயற்கணிதத்துக்கு ‘அல்ஜீப்ரா’ என்ற பெயரைத் தந்த நூலில் பாகப்பிரிவினை, வணிகம், நில அளவை ஆகியவற்றுக்கும் அவர் கணக்கு வகுத்தார்.

இந்திய எண்முறையை விளக்கவும் அவர் தனி நூல் யாத்தார். எண்ணில் ஓரிடம் வெறுமையானால் அங்கே சிறு வட்டம் இடவேண்டும் என்று அதில் கற்பித்தார். அவ்வட்டம் விடுபட்டால் 305 திர்ஹம் 35 ஆகிவிடும். வாரிசு ஒருவரின் உரிமை ஒரு புள்ளியில் அழிந்துவிடும். பெருக்கலின் விடையை ஒன்பதுகளை நீக்கிச் சரிபார்க்கும் வழியையும் அவர் காட்டினார்.

1972-இல் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கிய சி மொழியிலும் இப்பாடம் தொடர்வதைக் காண்கிறோம். 305-ஐ எழுத்தாக்கும் நிரல் அதனைப் பத்தால் வகுத்து வகுத்து 5, 0, 3 என மீதிகளைப் பெற்று, வரிசையை மாற்றி எழுதுகிறது. மூன்று இலக்கங்களுக்கு நினைவகத்தில் நான்கு இடங்கள் வேண்டும். நான்காவது, முடிவைக் குறிக்கும் சுழியத்துக்கு உரியது. அதனை மறந்தால் பக்கத்து இடத்திலுள்ள தரவு சிதையும். ஆகவே, ஒதுக்கிய இடத்தின் இருபுறமும் அடையாள மதிப்புகளை வேலியாக இட்டு, அவை மாறினவா என்று பிழையறியும் நிரல்கள் பின்னர்ச் சோதிக்கின்றன. கணக்கிட்டபின் சரிபார்க்கும் பழைய ஒழுக்கமே இங்கும் நிற்கிறது.

குவாரிஸ்மி சுமார் 850-இல் மறைந்தார். எண்முறை நூலின் அரபு மூலம் மறைந்துபோக, 12-ஆம் நூற்றாண்டின் இலத்தீன் ஆக்கம் வழியே ஐரோப்பா அதனைக் கற்றது. அந்நூலின் தொடக்கத்தில் இலத்தீன் ஒலிப்பில் அமைந்த அவர் பெயரே கணக்கிடும் முறைக்குப் பெயராயிற்று.

வெறுமைக்கும் உரிய இடம் தருக. முடித்த கணக்கையும் மீண்டும் நோக்குக. அவர் வாழ்விலிருந்து நம் மாணவர் பெறத்தக்க செல்வம் இவ்விரண்டுமே.