டேவிட் லிவிங்ஸ்டன்

பிறர் துயர் கண்டு உருகும் உள்ளமும், சொன்ன சொல் தவறாத உறுதியும் ஒருங்கே வாய்ந்தவர் உலகில் சிலரே. அத்தகையோருள் ஒருவர், ஆப்பிரிக்காவில் சமயத்தொண்டு புரிந்தவரும் அந்நிலத்தை நடந்தே ஆராய்ந்தவருமான டேவிட் லிவிங்ஸ்டன்.

இவர் ஸ்காட்லாந்து நாட்டுப் பிளாண்டயர் என்னும் ஊரில், 1813-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 19-ஆம் நாள், ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். பத்து வயதிலேயே பஞ்சாலை வேலைக்குச் சென்றார். காலை ஆறு மணி முதல் இரவு எட்டு மணி வரை அறுந்த நூலைப் பிணைப்பது அவர்தம் தொழில். முதற் கூலியில் ஒரு பகுதியைக் கொண்டு இலத்தீன் இலக்கண நூல் ஒன்று வாங்கினார். நூற்கும் பொறியின்மீது புத்தகத்தை விரித்து வைத்து, அதனைக் கடக்கும்போதெல்லாம் ஒவ்வொரு தொடராகப் படித்தார். இவ்வாறு முயன்று பயின்று மருத்துவரும் ஆனார்.

சீனாவில் தொண்டாற்ற விழைந்த அவருக்கு, அங்கு மூண்ட அபினிப் போர் தடையாயிற்று. எனவே 1841-இல் தென்னாப்பிரிக்கா சென்றார். 1844-இல் சிங்கம் ஒன்று அவர்மேற் பாய்ந்து இடக்கை எலும்பை நொறுக்கியது. மெபால்வே என்னும் ஆப்பிரிக்கர் துணிந்து குறுக்கிட்டமையால் உயிர் பிழைத்தார்.

பின்னர், கொலோலோ அரசர் அனுப்பிய 27 பேருடன் மேற்குக் கடற்கரையை நோக்கி நடந்தார். 1854-இல் லுவாண்டா துறைமுகத்தை அடைந்தபோது கடுங்காய்ச்சலால் மெலிந்திருந்தார். தாய்நாடு செல்லக் கப்பலும் காத்திருந்தது. ஆயினும், உடன் வந்தோரை அவர்தம் ஊரிற் சேர்ப்பதாக வாக்களித்திருந்தமையால், கப்பலேறாது வந்த வழியே திரும்பினார். மேலும் கிழக்கே நடந்து, 1855-இல் சாம்பசி ஆற்றின் பேரருவியைக் கண்டார். முழங்கும் புகை என்னும் பொருள்படப் பெயரிட்டு அந்நாட்டார் வழங்கிய அவ்வருவிக்கு விக்டோரியா என அவர் பெயர் சூட்டினார்.

மனிதரை விலங்கிட்டு விற்கும் கொடுமையே அவர் நெஞ்சை வாட்டியது. அதனை உலகறியச் செய்து ஒழிப்பதைத் தம் கடனாகக் கொண்டார். சாம்பசி ஆற்றில் அவர் தலைமையேற்ற இரண்டாம் பயணம் தோல்வியுற்றது. 1862-இல் மனைவியாரையும் இழந்தார். 1864-இல் சிறு நீராவிக் கப்பலைத் தாமே செலுத்திப் பம்பாய் வந்தார். அடிமை வணிகரிடமிருந்து மீட்கப்பட்ட சூமா என்னும் சிறுவன் அவருடன் வந்து, பம்பாயிற் கல்வி பயின்றான்.

1866-இல் மீண்டும் ஆப்பிரிக்கா சென்று நைல் நதியின் ஊற்றைத் தேடினார். நைலின் தலைப்பகுதியோ என அவர் கருதிய லுவலாபா ஆறு உண்மையில் காங்கோவைச் சேர்ந்தது. 1871-இல் நியாங்வே சந்தையில் அடிமை வணிகர் மக்களைச் சுட்டுக் கொன்றதை நேரிற் கண்டு மனம் நொந்தார். அவ்வாண்டே தம்மைத் தேடி வந்த ஸ்டான்லி உடன் வருமாறு வேண்டியும், பணியை விடுத்துச் செல்ல இசைந்திலர். 1873-ஆம் ஆண்டு மே முதல் நாள், சித்தம்போ என்பாரின் ஊரில், மண்டியிட்டு வணங்கிய நிலையில் உயிர் நீத்திருந்தார். அடுத்த திங்களில் சான்சிபார் அடிமைச் சந்தை மூடப்பட்டது.

சூமா, சூசி முதலியோர் அவர்தம் இதயத்தை அங்கே ஒரு மரத்தடியிற் புதைத்தனர். நாசிக்கிற் பயின்ற ஜேக்கப் வெயின்ரைட் இறுதி வழிபாடு நிகழ்த்தினார். பின்னர் உடலை வெயிலில் உலர்த்தி, துணிமூட்டை போலக் கட்டி, 1000 மைலுக்கு மேல் சுமந்து சென்று 1874-இல் கடற்கரை சேர்த்தனர். சிங்கம் முறித்த எலும்பே அவ்வுடல் அவருடையது என்பதற்குச் சான்றாயிற்று. இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் உடல் அடக்கம் செய்யப்பட்டது.

மாணவர்களே! துணைவரை அவர்தம் வீடு சேர்ப்பதற்காகத் தம் வீடு திரும்பும் கப்பலை அன்று துறந்தார் லிவிங்ஸ்டன். அவர் உயிர் நீங்கிய பின்னும் துணைவர் அவரைக் கைவிட்டிலர். அன்பால் ஈட்டும் செல்வத்தினும் சிறந்தது யாதுளது?