சுவரொட்டி இல்லாத படம்

என் அறைச் சுவரில் ஒரு ஜப்பானியச் சுவரொட்டி இருக்கிறது. 1959ல் வெளிவந்த ‘ஒஹாயோ’ என்ற நகைச்சுவைப் படத்துக்கு உரியது. ‘காலை வணக்கம்’ என்று பொருள். தொலைக்காட்சிப் பெட்டி வாங்கித் தராத பெற்றோர்மீது கோபம்கொண்டு, இனி யாரிடமும் பேசுவதில்லை என்று வாயை மூடிக்கொள்ளும் அண்ணன் தம்பியின் கதை அது.

ஜப்பானியத் திரைப்படச் சுவரொட்டிகள் பெரும்பாலும் ஒரே அளவில் இருக்கும்: 51.5 சென்டிமீட்டர் அகலம், 72.8 சென்டிமீட்டர் உயரம். ‘சிராஷி’ எனப்படும் சிறிய துண்டுப் பிரசுரங்களும் உண்டு. படம் முதலில் வெளியானபோது அச்சிட்ட சுவரொட்டிக்கு விலை அதிகம். மறுவெளியீட்டுக்கு அச்சிட்டது மலிவு. பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவனான நான், பகுதிநேர வேலைச் சம்பளத்தில் மறுவெளியீட்டுப் பிரதியைத்தான் வாங்கினேன்.

வீட்டுக்கு வந்த பாட்டி அதைப் பார்த்தார். ஜப்பான் படம் என்று சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. ஜொகூர்த் தோட்டம் ஒன்றிலிருந்து சயாம் மரண ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்ட அவருடைய அப்பா திரும்பி வரவே இல்லை. பாட்டி எதுவும் கேட்கவில்லை. அறையை விட்டு வெளியே போய்விட்டார்.

சுவரொட்டியைக் கழற்றுவதா வேண்டாமா என்று குழம்பினேன். படத்தை எடுத்தவர் யார் என்று முதலில் தெரிந்துகொள்ள நினைத்தேன். அப்படித்தான் யாசுஜிரோ ஓசுவின் வாழ்க்கையைப் படிக்கத் தொடங்கினேன்.

ஓசு 1903 டிசம்பர் 12ஆம் தேதி தோக்கியோவில், உர வணிகர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். ஒன்பது வயதில் தாயுடனும் உடன்பிறந்தவர்களுடனும் மத்சுசாகா நகருக்கு அனுப்பப்பட்டார். படிப்பைவிடத் திரையரங்கே அவரை இழுத்தது. உயர்கல்விக்கான நுழைவுத் தேர்வுகளில் தோற்றார். மலைக்கிராமப் பள்ளி ஒன்றில் தற்காலிக ஆசிரியராக வேலை பார்த்தார். 1923ல், தந்தைக்கு விருப்பமில்லாதபோதும், ஷோச்சிக்கு நிறுவனத்தின் ஒளிப்பதிவுப் பிரிவில் உதவியாளராகச் சேர்ந்தார்.

ஒருநாள் படப்பிடிப்புக்கூட உணவகத்தில் வரிசையைத் தாண்டிப் போன ஊழியரை அவர் அடித்துவிட்டார். விசாரணைக்கு அழைத்த மேலாளரிடம், தாம் எழுதிய திரைக்கதையை நீட்டினார். 1927ல் இயக்குநரானார்.

அவருடைய தொடக்ககாலப் படங்கள் பலவும் மாணவர்களைப் பற்றிய நகைச்சுவைகள். 1930ல் வந்த ஒரு படத்தில், மாணவன் தேர்வு விடைகளைச் சட்டையின் முதுகில் எழுதி வைக்கிறான். சட்டை சலவைக்குப் போய்விடுகிறது. அவன் தோற்றுப்போகிறான். தேர்ச்சி பெற்ற நண்பர்களோ வேலை கிடைக்காமல் அலைகிறார்கள். உலகப் பொருளாதார மந்தக் காலத்தில் அது வெறும் சிரிப்பு அல்ல. முதலாளிக்கு முன்னால் கோமாளித்தனம் செய்யும் தந்தையைப் பார்த்து மகன்கள் மனமுடையும் ‘பிறந்துதான் பார்த்தேன், ஆனால்’ 1932ல் கினெமா ஜுன்போ இதழின் முதல் பரிசைப் பெற்றது.

அவர் இயக்கிய 54 படங்களில் பத்துக்கும் மேற்பட்டவை இன்று இல்லை. பழைய சுவரொட்டிகளைத் தேடுவோரின் அவசரம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. படச்சுருள் அழிந்தபின், அந்தப் படம் இருந்ததற்கு ஒரு தாள்கூடச் சாட்சியாகலாம்.

பிறகு போர் வந்தது. 1937 முதல் 1939 வரை ஓசு சீனாவில் ஜப்பானியப் படைவீரராக இருந்தார். 1943ல் அவரை அனுப்பியது எங்கே தெரியுமா? நம் சிங்கப்பூருக்கு! சுபாஷ் சந்திர போசைப் பற்றி ‘டில்லியை நோக்கி’ என்ற பிரசாரப் படம் எடுக்க வேண்டும். மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்கள் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்திருந்த காலம் அது. ஓசு கேத்தே கட்டடத்தின் ஐந்தாம் மாடியில் தங்கினார். படவேலையில் அவருக்கு அதிக நாட்டம் இல்லை. புத்தகம் படித்தார், டென்னிஸ் ஆடினார், கைப்பற்றப்பட்ட அமெரிக்கப் படங்களைப் பார்த்தார்.

1945 ஆகஸ்ட்டில் ஜப்பான் சரணடைந்ததும் படச்சுருளையும் திரைக்கதையையும் அழித்துவிட்டார். தடுப்புக்காவலில் ரப்பர்த் தோட்டத்தில் வேலை செய்தார். நாடு திரும்பும் முதல் கப்பலில் அவருடைய குழுவினர் 32 பேரில் 28 பேருக்கே இடம். குலுக்கலில் தமக்குக் கிடைத்த இடத்தை, ஊர் திரும்பத் தவித்த இன்னொருவருக்கு விட்டுக்கொடுத்து, 1946 பிப்ரவரியில்தான் திரும்பினார்.

‘தோக்கியோ கதை’ 1953ல் வந்தது. திருமணம் செய்யாமல் தாயுடன் வாழ்ந்த ஓசு, 1963ல் தமது அறுபதாவது பிறந்தநாளன்றே புற்றுநோயால் இறந்தார். கமகுராவில் உள்ள அவரது கல்லறையில் பெயர் இல்லை. ‘இன்மை’ என்று பொருள்படும் ஓர் எழுத்து மட்டுமே உள்ளது.

அவர் நல்லவரா கெட்டவரா என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்ல என்னால் முடியவில்லை. சிறுவர்களின் மௌனத்தை அவ்வளவு அன்போடு படம்பிடித்தவர், நம்மை ஆண்ட ராணுவத்தோடுதான் இங்கே வந்தார். இரண்டும் உண்மை.

இதையெல்லாம் பாட்டியிடம் சொன்னேன். நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு முதன்முறையாகத் தம் அப்பாவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். அவருடைய பெயர், அவர் பால்மரம் வெட்டிய தோட்டம், லாரியில் ஏற்றிப்போன காலை. அவருடைய புகைப்படம் ஒன்றுகூட எங்கள் வீட்டில் இல்லை.

எங்கோ அச்சான தாள்களைத் தேடித் தேடிச் சேர்த்த நான், என் கொள்ளுத்தாத்தாவின் பெயரை அன்றுவரை கேட்டதே இல்லை. அன்றிரவே எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். சுவரொட்டி இன்னும் சுவரில்தான் இருக்கிறது. அதன் கீழே மேசைமீது அந்த நோட்டும் இருக்கிறது. உங்கள் வீட்டிலும் கேட்டுப் பாருங்கள். சொல்லக் காத்திருப்பவர் ஒருவர் இருக்கலாம்.