நோட்டுப் புத்தகத்தோடு வேலை தேடிய ராமானுஜன்

வேலை இல்லாமல் இருப்பது ஒரு துன்பம். வேலை தேடி ஆபீஸ் ஆபீஸாகப் படியேறி இறங்குவது அதைவிடப் பெரிய துன்பம். சித்தூரிலும் திருப்பதியிலும் பிழைப்புக்காக வந்து குடியேறிய நம்மவர் வீடுகளில் இந்தத் துன்பத்தை அறியாத வீடு குறைவு. அப்படி அலைந்து சலித்துப் போன இளைஞர்கள் ஒருமுறையேனும் அறிந்துகொள்ள வேண்டிய வரலாறு, கணித மேதை சீனிவாச ராமானுஜனுடையது. உலகம் அவரை மேதை என்று கொண்டாடுவதற்கு முன்பு, அவர் ஒரு குமாஸ்தா வேலைக்காகப் பல பேரைத் தேடிச் சென்றவர்.

துணிக்கடை குமாஸ்தாவின் மகன்

ராமானுஜன் 1887-ம் ஆண்டு டிசம்பர் 22-ம் தேதி ஈரோட்டில் தாய்வழிப் பாட்டனார் வீட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில். தகப்பனார் சீனிவாச அய்யங்கார் துணிக்கடை ஒன்றில் கணக்கு எழுதும் குமாஸ்தா. குறைந்த சம்பளம். தாயார் கோமளத்தம்மாள் சிக்கனமாகக் குடும்பத்தை நடத்தி வந்தார்.

பள்ளியில் முதல் மாணவராக விளங்கிய ராமானுஜன், 1904-ல் உதவித்தொகையுடன் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் சேர்ந்தார். அங்கேதான் சறுக்கல் ஏற்பட்டது. எந்நேரமும் கணிதத்திலேயே மூழ்கி, மற்றப் பாடங்களைக் கைவிட்டார். ஆங்கிலத்தில் தேறவில்லை. உதவித்தொகை நின்று போயிற்று. மனம் உடைந்த அவர், 1905-ல் வீட்டில் சொல்லாமல் ரயிலேறி விசாகப்பட்டினம் வரை போய்விட்டார். பெற்றோர் பதறித் தேடினார்கள்.

பிறகு 1906-ல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். உடல்நலக் குறைவால் படிப்பு தடைப்பட்டது. எப்.ஏ. பரீட்சையை இரண்டு முறை எழுதியும் தேறவில்லை. மெட்ரிகுலேஷன் தவிர வேறு சான்றிதழ் எதுவும் அவர் கையில் இல்லை. இந்த நிலையில் 1909-ல் ஜானகி அம்மாளுடன் திருமணமும் நடந்தது. ஏழைக் குடும்பத்தின் மூத்த மகன். சம்பாதித்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் வந்துவிட்டது.

ஒரு வாசலிலிருந்து அடுத்த வாசலுக்கு

பட்டம் இல்லாத ராமானுஜனிடம் இருந்த ஒரே சொத்து, கணித முடிவுகளை எழுதி வைத்திருந்த நோட்டுப் புத்தகங்கள்தான். காகிதம் வாங்கக் காசு போதாததால், சிலேட்டில் கணக்குப் போட்டு, முழங்கையால் அழித்துவிட்டு, முடிவை மட்டும் நோட்டில் எழுதிக்கொள்வார். அவர் வேலை தேடிப் போன இடங்களுக்கெல்லாம் அந்த நோட்டுகளும் கூடவே போயின.

1910-ல் திருக்கோவிலூருக்குச் சென்று, அங்கே டெபுடி கலெக்டராக இருந்த வி. ராமசாமி ஐயரைச் சந்தித்தார். யாரைப் பார்ப்பது என்று அவர் ஆராய்ந்து தேர்ந்ததே பாராட்டத்தக்கது. ராமசாமி ஐயர் அதிகாரி மட்டுமல்ல. கணிதத்தில் ஈடுபாடு மிக்கவர். 1907-ல் நம் ஆந்திரத்தின் அனந்தப்பூர் மாவட்டத்திலுள்ள குத்தியில் இருந்தபோது, இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர். தாலுகா ஆபீசில் ஒரு சிறு வேலை கொடுங்கள் என்று ராமானுஜன் கேட்டார். நோட்டைப் புரட்டிப் பார்த்த ராமசாமி ஐயர் திகைத்துப் போனார். இவ்வளவு ஆற்றலை ரெவின்யூ ஆபீசின் கடைசிப் படியில் அமர்த்தி வீணாக்க அவருக்கு மனம் வரவில்லை. வேலை கொடுக்கவில்லை, சென்னையிலுள்ள நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்தனுப்பினார்.

கேட்டது கிடைக்கவில்லை என்று ராமானுஜன் ஊர் திரும்பிவிடவில்லை. கடிதத்தோடு சென்னைக்குப் போனார். கும்பகோணத்தில் தமக்குப் பாடம் சொன்ன பி.வி. சேஷு ஐயரைப் பார்த்தார். அவர் நெல்லூர் கலெக்டர் ஆர். ராமச்சந்திர ராவுக்குச் சிபாரிசு செய்தார். ஒரு வாசலில் வேலை இல்லை என்றாலும், அடுத்த வாசலுக்கு வழி கேட்டுக்கொண்டே ராமானுஜன் நடந்தார்.

நெல்லூர் கலெக்டர்

திருப்பதியிலிருந்து ரேணிகுண்டா, கூடூர் வழியாக ரயிலில் போனால் வருகிற நெல்லூர்தான் அது. கசங்கிய உடையும், கக்கத்தில் நைந்த நோட்டுமாக வந்த இளைஞனைக் கண்டதும் ராமச்சந்திர ராவுக்கு நம்பிக்கை பிறக்கவில்லை. நோட்டில் இருந்தது அவருக்கு உடனே விளங்கவும் இல்லை. பிறகு வரும்படி சொன்னார். ராமானுஜன் மறுபடியும் போனார். இந்த முறை கடினமானதை நீட்டாமல், எளிதான முடிவுகளில் தொடங்கிப் படிப்படியாக மேலே அழைத்துச் சென்றார். கலெக்டரின் சந்தேகம் தீர்ந்தது.

என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, ஆராய்ச்சியைத் தொடர்வதற்கு வயிற்றுப்பாட்டுக்கு வழி கிடைத்தால் போதும் என்றார் ராமானுஜன். நெல்லூரில் முடங்கிக் கிடக்க வேண்டாம் என்று அவரைச் சென்னைக்கே அனுப்பி, மாதம் ரூ.25 தம் கையிலிருந்து கொடுத்து வந்தார் ராமச்சந்திர ராவ். திருவல்லிக்கேணியில் தங்கி உழைத்த ராமானுஜனின் முதல் கட்டுரை, 1911-ல் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் வெளிவந்தது.

துறைமுக ஆபீஸ்

ஆனால் ஒருவர் தயவில் நெடுங்காலம் உட்கார்ந்து சாப்பிட ராமானுஜன் விரும்பவில்லை. அக்கவுண்டண்ட் ஜெனரல் ஆபீசில் மாதம் ரூ.20-க்குச் சிறிது காலம் தற்காலிக வேலை பார்த்தார். சென்னைத் துறைமுக ஆபீசில் குமாஸ்தா இடம் காலி என்று அறிந்ததும், 1912-ம் ஆண்டு பிப்ரவரி 9-ம் தேதி விண்ணப்பம் எழுதினார்.

அந்த விண்ணப்பத்தில் ஒளிவு மறைவு இல்லை. மெட்ரிகுலேஷன் தேறியதையும், எப்.ஏ. வரை படித்துத் தொடர முடியாமல் போனதையும், அதன் பிறகு கணிதத்திலேயே பொழுதைச் செலவிட்டதையும் உள்ளபடி எழுதினார். இந்த வேலையைச் செவ்வனே செய்ய முடியும் என்ற நம்பிக்கையையும் தெரிவித்தார். பிரசிடென்சி கல்லூரிப் பேராசிரியர் மிடில்மாஸ்டின் நற்சான்றையும் இணைத்திருந்தார். மார்ச் 1-ம் தேதி வேலை கிடைத்தது. சம்பளம் மாதம் ரூ.30.

சிறிய வேலைதான். ஆனால் அங்கே மேலதிகாரியாக இருந்த எஸ். நாராயண ஐயரும் கணிதம் அறிந்தவர். துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் ஆதரவு காட்டினார். அவர்கள் ஊக்கத்தில் ராமானுஜன் இங்கிலாந்துக்குக் கடிதங்கள் எழுதினார். கேம்பிரிட்ஜ் பேராசிரியர்கள் இருவரிடமிருந்து பயன் ஏதும் கிட்டவில்லை. அதோடு விட்டுவிடாமல், 1913 ஜனவரி 16-ல் ஹார்டி என்ற மூன்றாமவருக்கு எழுதினார். அந்தக் கடிதமே அவர் வாழ்க்கையைத் திருப்பியது. அதே ஆண்டு மே மாதம் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் ரூ.75 உதவித்தொகை வழங்கியது. 1914-ல் கேம்பிரிட்ஜ் சென்றார். 1918-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். நோயோடு 1919-ல் தாயகம் திரும்பி, 1920 ஏப்ரல் 26-ல் தமது 32-வது வயதில் காலமானார்.

நமக்கு என்ன?

எல்லோரும் ராமானுஜன் ஆக முடியாது. ஆனால் அவர் வேலை தேடிய முறையை யாரும் பின்பற்றலாம். வேலை இல்லாத நாளிலும் அவர் தம் தொழிலை நிறுத்தவில்லை. நான் படித்தவன் என்று வாயால் சொல்வதைவிட, செய்ததைக் கையில் எடுத்துக் காட்டினார். கணக்குத் தெரிந்தவர் தாம் எழுதிய பேரேட்டின் மாதிரியையும், வெல்டிங் தெரிந்தவர் தாம் செய்த வேலையின் படத்தையும் கொண்டு போகலாமே! இடம் இல்லை என்று சொன்னவரிடமே, வேறு எங்கே கேட்கலாம் என்று விசாரித்துவிட்டு வரலாம்.

அவருடைய தோல்வியிலும் ஒரு பாடம் உண்டு. பிடித்த பாடத்தில் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தும், ஆங்கிலத்தைப் புறக்கணித்ததால் உதவித்தொகை போயிற்று. இங்கே நமக்கு அந்த இடத்தில் இருப்பது தெலுங்கு. பேசத் தெரிந்தால் மட்டும் போதாது. தெலுங்கில் பில் எழுதவும் விண்ணப்பம் படிக்கவும் தெரிந்தவனுக்கு, இந்த ஊர்களில் இன்னும் சில வாசல்கள் கூடுதலாகத் திறக்கும். வேலை தேடி அலையும் நாட்களில் தினம் ஒரு மணி நேரம் அதற்கு ஒதுக்கினால், அலைந்த காலம் வீணாகாது.

பையன் வெறுங்கையோடு திரும்பும் மாலைகளில் வீட்டிலுள்ள பெரியவர்கள் ஏசாமல் இருப்பதும் பேருதவி. ராமானுஜனுக்குத் துறைமுக வேலை கிடைத்தபோது வயது 24. கல்லூரி உதவித்தொகை நின்று ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன.