ஹவாய் தீவில் பாடிய எல்விஸ்

அமெரிக்காவில் டுபெலோ என்று ஒரு சிற்றூர். அங்கே இரண்டே அறைகள் கொண்ட மர வீட்டில், 1935 ஜனவரி 8-ந் தேதி எல்விஸ் பிரஸ்லி பிறந்தார். உடன் பிறந்த இரட்டைக் குழந்தை இறந்தே பிறந்தது. மிஞ்சிய ஒரே பிள்ளையைத் தாய் கிளாடிஸ் கண்ணுக்குள் வைத்து வளர்த்தார். 11-வது பிறந்த நாளுக்கு ஒரு கிடார் வாங்கிக் கொடுத்தார்.

லாரி டிரைவர்

1953-ல் பள்ளிப்படிப்பு முடிந்தது. அந்த ஆண்டிலேயே ஏறத்தாழ 4 டாலர் கட்டி, தம் குரலை இசைத்தட்டில் பதிவு செய்துகொண்டார் எல்விஸ். பிறகு வயிற்றுப்பாட்டுக்கு லாரி ஓட்டினார்.

1954-ல் அவர் பாடிய முதல் இசைத்தட்டு விற்பனைக்கு வந்தது. இரண்டே ஆண்டுகளில் நாடெங்கும் அவர் பாட்டுதான்! 1957-ல் மெம்பிஸ் நகரில் மாளிகை வாங்கிப் பெற்றோரைக் குடி வைத்தார்.

தாய் மறைந்தார்

அந்தச் சுகத்தைத் தாய் நெடுநாள் அனுபவிக்கவில்லை. 1958-ல் எல்விஸ் பட்டாளத்துக்குப் போனார். அந்த ஆகஸ்டில் தாய் இறந்தார். வயது 46தான். எல்விஸ் கதறி அழுதார்.

தீவுக் காதல்

1960-ல் பட்டாளத்திலிருந்து திரும்பினார். மறு ஆண்டு ஹவாய் தீவில் "புளூ ஹவாய்" படம் எடுக்கப்பட்டது.

பட்டாளத்திலிருந்து ஊர் திரும்பும் பணக்கார வாலிபன். தந்தையின் அன்னாசிப்பழத் தொழில் வேண்டாம் என்கிறான். சுற்றுலாப் பயணிகளுக்கு ஊர் காட்டும் வேலைக்குப் போகிறான். காதலியின் பாட்டிக்குப் பிறந்த நாள் பரிசு கொடுத்துப் பாடுகிறான். கடைசியில் பூமாலையும் படகு ஊர்வலமுமாகக் கலியாணம்! இதுதான் கதை.

படம் சக்கைப்போடு போட்டது. பாட்டுகள் அடங்கிய இசைத்தட்டு 20 வாரம் முதலிடத்தில் இருந்தது.

வெற்றியே விலங்கு

அந்த வெற்றியே அவருக்கு விலங்காயிற்று. அழுத்தமான வேடங்களில் நடிக்க ஆசைப்பட்டார் எல்விஸ். பட முதலாளிகளோ பாட்டு, கடற்கரை, காதல் என்று ஒரே மாதிரிப் படங்களையே எடுத்தார்கள். மனம் சலித்தது. 1969-ல் பட உலகை விட்டு மேடைக்குத் திரும்பினார்.

ஆனால் பாட்டிக்காகப் பாடிய அந்தக் காதல் பாட்டை மட்டும் அவர் விடவில்லை. கச்சேரிகளை அதைப் பாடித்தான் முடிப்பார். 1977 ஜூன் 26-ல் நடந்த கடைசிக் கச்சேரியும் அப்படியே முடிந்தது.

ஆகஸ்ட் 16-ந் தேதி, 42-வது வயதில், தாய்க்காக வாங்கிய மாளிகையிலேயே உயிர் பிரிந்தது. தாயின் கல்லறையும் மகனின் கல்லறையும் அந்த மாளிகைத் தோட்டத்தில்தான் இருக்கின்றன.